ஆர்.வி. விளக்குகளில் சூடாகும் இணைப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆர்.வி. எனப்படும் வீட்டு வண்டியை, அதாவது பழைய ட்ராவல் ட்ரெய்லரோ மோட்டார் ஹோமோ வாங்கிய நம்மவர்கள், கோடையில் முதல் கேம்பிங் போய்வந்த கையோடு கேட்கும் கேள்விகள் இவை. விளக்கு விட்டு விட்டு எரிகிறது, மூடி பழுப்பேறியிருக்கிறது, ஏதோ கருகுகிற வாடை வருகிறது என்றுதான் பேச்சு தொடங்கும். இங்கே பேசப்போவது பேட்டரியில் ஓடும் 12 வோல்ட் விளக்குகளைப் பற்றி. மைக்ரோவேவும் ஏ.சி.யும் ஓடும் 120 வோல்ட் பக்கத்தைக் கடைசியில் கொஞ்சம் மட்டும் தொட்டிருக்கிறேன்.

கருகிய வாடை இப்போதே வருகிறது. முதலில் என்ன செய்வது?

விளக்கை அணைத்துவிட்டு எல்லோரையும் வெளியே அனுப்புங்கள். அடுத்து, கரண்ட் உள்ளே வரும் எல்லா வழிகளையும் அடைத்துவிடுங்கள். இங்கேதான் பலர் பாதியில் நின்றுவிடுகிறார்கள். பேட்டரி சுவிட்சை ஆஃப் செய்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பார்கள். ஷோர் பவர் (கேம்ப்கிரவுண்ட் கம்பத்திலிருந்து வரும் வெளி மின்சாரம்) பிளக் செருகியிருந்தால், 120 வோல்ட்டை 12 வோல்ட்டாக மாற்றும் கன்வெர்ட்டர் பேட்டரியின் உதவியே இல்லாமல் விளக்குகளுக்குக் கரண்ட் கொடுத்துக்கொண்டிருக்கும். எனவே கேம்ப்கிரவுண்ட் கம்பத்தில் பிரேக்கரை அணைத்துவிட்டு பிளக்கையும் உருவுங்கள். கூரையில் சோலார் இருந்தால் அதையும் துண்டிக்க வேண்டும். இழுக்கும் வண்டியோடு 7 பின் கேபிள் மாட்டியிருந்தால் அதையும் கழற்றுங்கள். வெளியே இருக்கும் புரொப்பேன் சிலிண்டரின் வால்வையும் மூடிவிடுங்கள்.

புகையோ தீயோ கண்ணில் பட்டால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம். வெளியேறி 911-ஐ அழையுங்கள். மெல்லிய பலகை, ஃபோம், பிளாஸ்டிக், பசை என்று கட்டிய சுவர் அது. பிடித்தால் மளமளவென்று பிடிக்கும். வாசலருகே தீயணைப்பான் மாட்டியிருப்பது நீங்கள் வெளியேறும் வழியில் கைக்கு எட்டட்டும் என்றுதான், அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடுவதற்கு அல்ல.

வாடையைப் பற்றி ஒன்று. சூடேறும் ஹோல்டரும் கனெக்டரும் எப்போதும் பிளாஸ்டிக் கருகல் போலவே நாறுவதில்லை. சில வகைப் பிளாஸ்டிக்குகள் சூடேறினால் மீன் வாடை அடிக்கும். மீன் சமைக்காத நாளில் அந்த வாடை வந்தால் குப்பைத்தொட்டியைத் தேடாதீர்கள், விளக்குகளைப் பாருங்கள்.

வீட்டில் 120 வோல்ட்டே ஒழுங்காக ஓடுகிறது. வெறும் 12 வோல்ட் எப்படித் தீ வைக்கும்?

ஷாக் அடிப்பது வேறு, சூடாவது வேறு. 12 வோல்ட் உங்களை ஷாக் அடிக்காது என்பது உண்மை. சூட்டைத் தீர்மானிப்பது கரண்ட். 60 வாட் வெளிச்சத்துக்கு 120 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும். அதே 60 வாட்டுக்கு 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் ஓட வேண்டும். ஓர் இணைப்பில் பிறக்கும் சூடு கரண்டின் வர்க்கத்தைப் பொறுத்தது. கரண்ட் பத்து மடங்கு என்றால், அதே மோசமான இணைப்பில் சூடு நூறு மடங்கு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். துருப்பிடித்த இணைப்பு ஒன்றின் தடை 0.2 ஓம். அதில் அரை ஆம்பியர் ஓடினால் 0.05 வாட், தொட்டாலும் தெரியாது. 5 ஆம்பியர் ஓடினால் 5 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்று 15 வாட் அளவில்தான் இருக்கும். அதில் மூன்றில் ஒரு பங்கு சூடு, காற்றோட்டமில்லாத கூரைப் பலகைக்குப் பின்னால், ஒரு பட்டாணி அளவு உலோகத்தில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதற்குத்தானே ஃபியூஸ் இருக்கிறது? கோளாறு என்றால் அது போயிருக்க வேண்டுமே?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். லூஸ் கான்டாக்ட் என்பது ஃபியூஸின் கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

ஃபியூஸ் பார்ப்பது கரண்ட் எல்லை மீறுகிறதா என்பதை மட்டும். மோசமான இணைப்பு வழியில் ஒரு தடையாக நிற்கிறது, அதனால் கரண்ட் கூடுவதற்குப் பதிலாகக் கொஞ்சம் குறைகிறது. 5 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் நாலரை ஓடும். 15 ஆம்பியர் ஃபியூஸுக்கு அதில் என்ன குறை தெரியப்போகிறது? கூரைக்குள் கனெக்டர் உருகி வழிந்தாலும் ஃபியூஸ் முழுசாக உட்கார்ந்திருக்கும். இரண்டு ஒயர்களின் உறையும் உருகி ஒன்றோடொன்று தொட்டு ஷார்ட் ஆகும்போதுதான் அது போகும். அதற்குள் பலகை கருகியிருக்கும்.

மாறாக ஃபியூஸ் அடிக்கடி போகிறது என்றால் அது வேறு நோய்: எங்கோ ஷார்ட் இருக்கிறது, அல்லது ஒரே ஒயரில் பாரம் அதிகம். அதற்காக 15-ஐ எடுத்துவிட்டு 20 அல்லது 30 போடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஃபியூஸின் அளவு ஒயரின் பருமனைப் பார்த்து வைத்தது. விளக்குக்கு ஓடும் 14 கேஜ் ஒயருக்கு (கேஜ் என்பது பருமன் எண், எண் ஏற ஏற ஒயர் மெலியும்) 15 ஆம்பியர்தான் வழக்கம். பெரிய ஃபியூஸ் போட்டால், இனிமேல் அந்த ஒயரே ஃபியூஸ்.

லூஸ் கான்டாக்ட் ஏன் நாளாக நாளாக மோசமாகிறது?

ஒரு பழைய பல்ப் ஹோல்டரைக் கழற்றிக் கையில் வைத்துப் பாருங்கள். 1156, 1141 என்று எண் போட்ட பல்புகள் போகும் பித்தளைக் குழல். அடியில் வட்டமான ஒரு ஃபைபர் தட்டு, அதன் நடுவில் ஒரு சின்ன உலோகப் பொட்டு, அதைக் கீழிருந்து தள்ளும் ஸ்பிரிங். பல்பின் அடியில் இருக்கும் ஈயப் பொட்டு அந்த உலோகப் பொட்டின் மேல் உட்கார வேண்டும். கண்ணுக்கு முழுசாகத் தொடுவது போலத் தெரிந்தாலும், உண்மையில் தொடுவது மிகச் சில நுண்ணிய மேடுகள்தான். ஸ்பிரிங் அழுத்த அழுத்த அந்த மேடுகள் நசுங்கித் தொடும் பரப்பு கூடும்.

வண்டி குலுங்கக் குலுங்க அந்தப் பொட்டுகள் ஒன்றையொன்று தேய்த்துக்கொள்கின்றன. குளிர்காலம் முழுக்க மூடிக்கிடக்கும் வண்டிக்குள் ஈரம் கோக்கிறது. உலோகத்தின் மேல் ஆக்சைடு படிகிறது. தொடும் பரப்பு குறைகிறது, தடை ஏறுகிறது, சூடு ஏறுகிறது. சூடு ஏறினால் ஸ்பிரிங்கின் முறுக்கு போய்விடும். ஸ்பிரிங் தளர்ந்தால் அழுத்தம் குறையும், தடை இன்னும் ஏறும், சூடும் கூடவே ஏறும். ஈயப் பொட்டு சூட்டில் சப்பையாகி விடுகிறது. ஃபைபர் தட்டு கருத்துச் சுருங்குகிறது. இந்த நிலைக்கு வந்த ஹோல்டரை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பயனில்லை. தேய்த்தால் இரண்டு வாரம் பளிச்சென்று எரியும், போன ஸ்பிரிங் திரும்பி வராது. மாற்றிவிடுங்கள்.

எங்கே முதலில் தேடுவது?

கூரை விளக்கின் பின்னால். விளக்கைத் தாங்கும் இரண்டு மூன்று ஸ்க்ரூக்களைக் கழற்றினால் ஒரு துளையிலிருந்து ஒயர்கள் எட்டிப்பார்க்கும். பெரும்பாலான வண்டிகளில் ஒரு விளக்கிலிருந்து அடுத்த விளக்குக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு என்று கரண்ட் தாவித் தாவிப் போகும். அதனால் ஃபியூஸ் பேனலுக்கு மிக அருகில் இருக்கும் விளக்கின் இணைப்பு, தன்னுடைய கரண்டை மட்டுமல்ல, தனக்குப் பின்னால் இருக்கும் எல்லா விளக்குகளின் கரண்டையும் சுமக்கிறது. கருகிய கனெக்டர் பெரும்பாலும் அங்கேதான் கிடைக்கும். சமையல் மேடைக்கு மேல் இருக்கும் விளக்கு மங்கினால் அதையே பிரித்துப் பிரித்துப் பார்க்காமல் பேனல் பக்கமாக ஒவ்வொன்றாகப் பின்னால் வாருங்கள்.

அங்கே திருகிப் பிடிக்கும் பிளாஸ்டிக் குல்லாய், அதாவது ஒயர் நட், மாட்டியிருந்தால் அதன் மேல் முதல் சந்தேகம். வீட்டுச் சுவருக்குள் அசையாமல் கிடக்கும் ஒற்றைக் கம்பிக்கு அது சரியான பொருள். நெடுஞ்சாலையில் குலுங்கும் பல்லிழை ஒயருக்கு அல்ல.

இரண்டாவது சந்தேகம், அந்த நீல நிறக் கிளிப் கனெக்டர்கள். ஓடும் ஒயரை வெட்டாமல் அதன் மேல் வைத்து, ப்ளையரால் அமுக்கி, கிளையொன்று எடுப்பார்களே, அது. ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பிளவு விட்ட ஒரு தகடு மட்டும் இருக்கும். அது உறையைக் கிழித்து உள்ளே இறங்கிச் செம்பைப் பிடிக்கிறது. ஒயர் அந்தப் பிளவுக்கு மெலிந்தது என்றால் பிடி இருக்காது. தடித்தது என்றால் தகடு சில இழைகளை வெட்டிவிடும். பொருத்தமான அளவுதான் என்றாலும், உறையைக் கிழித்த அந்த வாய் வழியாக ஈரம் இறங்கி, சில வருஷத்தில் உள்ளே பச்சைக் களிம்பு. ஸ்டீரியோ, கூடுதல் விளக்கு, ரிவர்ஸ் கேமரா என்று முந்தைய சொந்தக்காரர் எதையாவது சேர்த்திருந்தால் இந்தக் கிளிப் கனெக்டர்கள் இருக்க வாய்ப்பு அதிகம். என் கணிப்பில், கண்ணில் பட்டவுடன் வெட்டியெறிய வேண்டிய பொருள் இது.

மூன்றாவது, நெகட்டிவ் பக்கம். எல்லோரும் பாசிட்டிவ் ஒயரையே துரத்துவார்கள். கரண்ட் போன வழி போலவே திரும்பும் வழியும் உண்டு. ட்ரெய்லரின் இரும்புச் சட்டத்தில் ஒரு ஸ்க்ரூவைப் பெயின்ட்டின் மேலேயே இறுக்கி அதில் வெள்ளை ஒயரைக் கட்டியிருப்பார்கள். கீழே உப்புச் சாலையின் சேறு. துருவுக்கு வேறென்ன வேண்டும்?

ஃபியூஸ் பேனலையும் மறக்க வேண்டாம். ஃபியூஸின் காலைக் கவ்வும் கிளிப் தளர்ந்துவிட்டால் ஃபியூஸின் பிளாஸ்டிக் உடம்பு உருகும், உள்ளே இருக்கும் கம்பி மட்டும் அறுந்திருக்காது. கால் மட்டும் நிறம் மாறிய ஃபியூஸைப் பார்த்தால் கிளிப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

விளக்கே சூடாகத்தானே இருக்கும்? இணைப்பின் சூடு என்று எப்படிப் பிரித்தறிவது?

நல்ல கேள்வி. பழைய இழை பல்பு மாட்டிய விளக்கு கை வைக்க முடியாத சூட்டில் இருப்பது இயல்பு. அடையாளம் சொல்லும் இடம் ஒயர். விளக்கைக் கழற்றி இணைப்பிலிருந்து வெளியே வரும் ஒயரின் உறையைப் பாருங்கள். இணைப்பின் அருகே உறை நிறம் மாறி, மொரமொரவென்று விறைத்து, ஒரு சாண் தள்ளி அதே ஒயர் வளைந்து கொடுக்கிறது என்றால் சூடு பிறந்த இடம் இணைப்பு. ஒயர் முழு நீளத்துக்கும் வெதுவெதுப்பாக இருந்தால் ஒயருக்குப் பாரம் அதிகம். பல்புக்கு நேர் மேலே மட்டும் ஒழுங்கான பழுப்பு வட்டம் இருந்தால் அது பல்பின் வேலை. அதற்கான பதில் அடுத்தது.

இன்ஃப்ராரெட் வெப்பமானியை நீட்டிப் பார்ப்பது இப்போது பழக்கமாகிவிட்டது. பளபளக்கும் உலோகத்தின் மேல் அது குறைத்துத்தான் காட்டும். பிளாஸ்டிக் உறையின் மேலோ, ஒரு துண்டு கறுப்பு டேப் ஒட்டி அதன் மேலோ அளந்தால் நம்பலாம்.

விளக்கின் மூடி பழுப்பேறி வளைந்துவிட்டது. ஏன்?

பெரும்பாலும் தப்பான பல்பு. 1141-உம் 1156-உம் ஒரே ஹோல்டரில் உட்காரும், பார்ப்பதற்கும் ஒன்று போலவே இருக்கும். 1141 எடுப்பது 1.44 ஆம்பியர், சுமார் 18 வாட். 1156 எடுப்பது 2.1 ஆம்பியர், சுமார் 27 வாட். கடையில் 1156 எளிதாகக் கிடைக்கும், வெளிச்சமும் கூடுதல், எனவே மாட்டிவிடுவார்கள். விளக்கின் உள்ளே ஒட்டியிருக்கும் சின்னச் சீட்டைத் தேடுங்கள், எந்தப் பல்பு வரை தாங்கும் என்று அதில் இருக்கும்.

மூடி மட்டும் போனால் பரவாயில்லை. இரட்டை பல்பு விளக்குகள் நான்கு ஒரே ஃபியூஸில் இருக்கின்றன என்று வையுங்கள். எட்டு 1141 சேர்ந்து பதினொன்றரை ஆம்பியர். எட்டும் 1156 ஆனால் 16.8, ஃபியூஸின் எல்லைக்கு மேல். அத்தனையும் பேனலுக்குப் பக்கத்திலிருக்கும் அந்த முதல் இணைப்பு வழியாகத்தான் போக வேண்டும்.

ஷோர் பவர் செருகினால் பல்புகள் பளிச்சென்று எரிந்து சீக்கிரம் போகின்றன. அதுவும் இதில் சேருமா?

சேரும். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.7 வோல்ட் அளவில் இருக்கும். கன்வெர்ட்டர் வழக்கமாக 13.6 கொடுக்கும். பேட்டரியை வேகமாக ஏற்றும் கட்டத்தில் 14.4 வரை ஏறும். 12.8 வோல்ட்டுக்கு என்று செய்த இழை பல்புக்கு 14.4 கொடுத்தால் அது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல் வாட் எடுக்கும், ஆயுளோ ஏறக்குறைய கால்வாசியாகக் குறையும். பழைய கன்வெர்ட்டர் கோளாறாகி அதற்கும் மேலே போகிறதா என்று மீட்டர் வைத்துப் பார்ப்பது நல்லது.

மல்ட்டிமீட்டர் வைத்திருக்கிறேன். கூரையை உடைக்காமல் கோளாறைக் கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஓம் அளக்கும் பக்கம் போகாதீர்கள். மீட்டர் ஓம் அளக்க விடும் கரண்ட் மிகமிகச் சிறியது. மீட்டரின் இரண்டு ஒயர்களுக்குமே 0.2 ஓம் அளவு தடை இருக்கலாம்; நாம் தேடும் எண்ணும் அதுதான். கெட்ட இணைப்பு நல்லது போலக் காட்டும். விளக்கை எரியவிட்டு வோல்ட்தான் அளக்க வேண்டும்.

முதலில் அந்த வரிசை விளக்குகள் எல்லாவற்றையும் போடுங்கள். பேட்டரியின் இரண்டு முனைகளில் அளவெடுங்கள், 12.7 என்று வைத்துக்கொள்வோம். பிறகு மங்கும் விளக்கின் ஹோல்டரில், பாசிட்டிவுக்கும் நெகட்டிவுக்கும் நடுவே அளவெடுங்கள். 11.2 வந்தால் வழியில் ஒன்றரை வோல்ட் காணாமல் போயிருக்கிறது.

இனி கொஞ்சம் கணக்கு. 14 கேஜ் செம்பு ஒயருக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கு 0.0083 ஓம். பேட்டரியிலிருந்து விளக்குக்கு 6 மீட்டர் என்றால் போகவர 12 மீட்டர், மொத்தம் 0.1 ஓம். 5 ஆம்பியர் ஓடும்போது ஒயரே அரை வோல்ட் சாப்பிடும். அது நியாயமான செலவு. மிச்சம் ஒரு வோல்ட் ஏதோ இணைப்பில் சூடாகிக்கொண்டிருக்கிறது. 5 ஆம்பியரும் ஒரு வோல்ட்டும் சேர்ந்தால் 5 வாட். மேலே போட்ட கணக்கில் வந்த அதே இணைப்புத்தான்.

அது எது என்று பார்க்க, மீட்டரின் ஒரு முனையை இணைப்பின் இந்தப் பக்கமும் மற்றதை அந்தப் பக்கமும் வையுங்கள். நல்ல இணைப்பின் குறுக்கே சில மில்லிவோல்ட்தான் வரும். 0.1 வோல்ட்டுக்கு மேல் வந்தால் அதைப் பிரித்துவிட வேண்டியதுதான். நெகட்டிவ் பக்கத்துக்கு ஒரு நீள ஒயரைப் பேட்டரி நெகட்டிவிலிருந்து இழுத்துவந்து மீட்டரில் மாட்டி, மறு முனையை ஹோல்டரின் நெகட்டிவில் வைத்தால் திரும்பும் வழியின் மொத்த இழப்பும் ஒரே எண்ணாக வந்துவிடும். பாதிக் கோளாறுகள் இந்த ஒரு அளவிலேயே மாட்டிக்கொள்ளும்.

அளக்கும்போது ஒயரை லேசாக ஆட்டிப் பாருங்கள். எண் குதித்தால் இடம் தெரிந்துவிட்டது.

எல்லாவற்றையும் எல்.இ.டி. ஆக்கிவிட்டால் பிரச்சினை தீருமா?

பெரும்பாலும் தீரும், செய்யுங்கள். 1156-க்குப் பதில் போடும் எல்.இ.டி. கால் ஆம்பியர் அளவில்தான் எடுக்கும். கரண்ட் எட்டில் ஒன்றாகக் குறைந்தால் இணைப்பின் சூடு அறுபதில் ஒன்றாகிவிடும். செலவழிக்கும் பணத்துக்கு இதைவிடப் பலன் தரும் வேலை ஆர்.வி.யில் குறைவு.

ஆனால் கெட்ட இணைப்பு குணமாகவில்லை, பாரம் குறைந்ததால் ஓய்வெடுக்கிறது, அவ்வளவுதான். ஏற்கனவே கருகிய கனெக்டரை விட்டுவைத்து எல்.இ.டி. மட்டும் மாற்றினால் விளக்கு துடிக்கும், ஒரு குழியில் இறங்கி ஏறியதும் அணைந்து எரியும். அதே ஒயரில் பின்னாளில் ஃபேனோ யு.எஸ்.பி. சார்ஜரோ சேர்த்தால் பழைய சூடு திரும்பிவிடும்.

எல்.இ.டி.யிலேயே சூடாகும் இரண்டு இடங்களும் உண்டு. ஒன்று, சுருளாக வாங்கி ஒட்டும் எல்.இ.டி. ஸ்ட்ரிப். மீட்டருக்கு 60 விளக்கு கொண்ட 5050 ரகம் மீட்டருக்கு 14.4 வாட் எடுக்கும். 5 மீட்டர் சுருள் 72 வாட், அதாவது 12 வோல்ட்டில் 6 ஆம்பியர். மூன்று 1156 பல்புக்குச் சமம்! அத்தனையும் சால்டர் இல்லாமல் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் கிளிப் வழியாக, இரண்டு மெல்லிய தகடுகள் செம்புப் பொட்டைத் தொடும் தொடுகையில் போகிறது. கிளிப் உருகாவிட்டால்தான் ஆச்சரியம். ஸ்ட்ரிப்பை இரண்டு மூன்று துண்டாக்கித் தனித்தனியே ஒயர் கொடுங்கள், ஒயரை ஸ்ட்ரிப்பில் சால்டர் செய்யுங்கள்.

இன்னொன்று, இண்டிகேட்டர் பல்பை எல்.இ.டி. ஆக்கும்போது வேகமாகச் சிமிட்டாமல் இருக்க மாட்டும் லோடு ரெசிஸ்டர். 6 ஓம், 50 வாட் என்று பொன்னிற அலுமினிய உடம்போடு வரும். 13.5 வோல்ட்டில் அது 30 வாட்டைச் சூடாக்கித் தள்ளுகிறது. சிமிட்டும் நேரத்தில் பாதிதான் என்றாலும் ஹசார்ட் விளக்கு போட்டு நின்றால் தொட முடியாத சூடு. பிளாஸ்டிக்கின் மேலோ ஒயர்க்கட்டின் மேலோ டேப் சுற்றி ஒட்டாதீர்கள். இரும்பில் ஸ்க்ரூ போட்டு இறுக்குங்கள்.

கெட்ட இணைப்பை வெட்டியாயிற்று. எப்படித் திரும்பப் போடுவது?

பேட்டரியும் ஷோர் பவரும் துண்டித்திருக்கின்றனவா என்று மறுபடி பாருங்கள். ஒயரைப் பளபளக்கும் செம்பு வரும்வரை பின்னால் வெட்டிக்கொண்டே போங்கள். கறுத்த இழையின் மேல் எந்தக் கனெக்டரும் நிற்காது. ஒயர் நீளம் போதவில்லை என்றால் அதே பருமனில் ஒரு துண்டு சேர்த்துக்கொள்ளலாம்.

க்ரிம்ப் செய்யும், அதாவது ஒயர் முனைகளை இரண்டு பக்கமும் நுழைத்து அமுக்கிப் பிடிக்கும், பட் கனெக்டரே என் தேர்வு, உள்ளே பசை தடவிய சுருங்கும் உறையோடு வருவது. நிறம் சும்மா அழகுக்கு இல்லை: 16, 14 கேஜுக்கு நீலம், 12, 10 கேஜுக்கு மஞ்சள், 16-ஐ விட மெலிந்ததற்குச் சிவப்பு. முழுதும் அமுக்காமல் விடாத ராட்செட் க்ரிம்பர் வாங்குங்கள். சாதா ப்ளையரால் நசுக்குவது அடுத்த கோளாறுக்கு விதை. அமுக்கியதும் இரண்டு பக்கமும் பலமாக இழுத்துப் பாருங்கள். வந்துவிட்டால் நல்லதாயிற்று, இப்போதே வந்தது. பிறகு ஹீட் கன் காட்டினால் உறை சுருங்கிப் பசை ஓரத்தில் பிதுங்கும்.

இழைகளுக்கு முதலில் சால்டர் பூசிவிட்டு ஸ்க்ரூவுக்கு அடியில் இறுக்குவது நம் ஊர்ப் பழக்கம். வேண்டாம். சால்டர் மெத்தென்ற உலோகம். அழுத்தத்தில் நாளடைவில் ஒதுங்கும், ஸ்க்ரூ லூஸாகும். கறுப்பு இன்சுலேஷன் டேப் மட்டும் சுற்றுவதும் கோடையில் பசை இளகி அவிழ்ந்துவிடும். சட்டத்தில் கட்டும் நெகட்டிவுக்கு, பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளி போல மின்னும் இரும்பு தெரிந்த பிறகு, வளைய டெர்மினலும் பல் வைத்த வாஷரும் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள்.

நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள். கார்களில் கறுப்பு என்றால் நெகட்டிவ். ஆர்.வி.யின் 12 வோல்ட் பக்கத்தில் கறுப்பு பெரும்பாலும் பாசிட்டிவ், வெள்ளை நெகட்டிவ். அதே வண்டியின் 120 வோல்ட் கேபிளிலும் கறுப்பும் வெள்ளையும்தான். உறைக்குள் உறையாக, தட்டையான ஒரே கேபிளாக வந்தால் அது 120 ஆக இருக்க வாய்ப்பு அதிகம். மீட்டர் சொல்லாமல் தொட வேண்டாம்.

டெயில் லைட்டும் இண்டிகேட்டரும் விட்டு விட்டு எரிகின்றன. 7 பின் பிளக் வெதுவெதுப்பாக இருக்கிறது.

பின்களில் பச்சைக் களிம்பு இருக்கும்; சுரண்டிச் சுத்தம் செய்யலாம். தகடுகள் குழிவிழுந்து கறுத்திருந்தால் முழு பிளக்கையும் மாற்றுங்கள். அதற்கு முன் வெள்ளை ஒயரைப் பாருங்கள். டெயில், பிரேக், இண்டிகேட்டர், பேட்டரி சார்ஜ் என்று எல்லாக் கரண்டும் அந்த ஒரே ஒயர் வழியாகத்தான் திரும்புகிறது. அது விட்டுப்போனால் கரண்ட், இழுக்கும் வண்டியின் ஹிட்ச் பந்து வழியாகவும் அதைக் கவ்வும் ட்ரெய்லரின் கப்ளர் வழியாகவும் திரும்பப் பார்க்கும். கிரீஸ் பூசிய பந்து, குலுங்கும் பிடி. விளக்கு பேய் பிடித்ததுபோல ஆடும். ஒரு பக்கம் இண்டிகேட்டர் போட்டால் மறுபக்கமும் மங்கலாகச் சிமிட்டுவது இதன் கையெழுத்து.

பிளக் மாற்றும்போது ஒயர் நிறம் பார்த்து மாட்டாதீர்கள். சாதாரண ட்ரெய்லர்களில் டெயில் லைட்டுக்குப் பழுப்பு, வலது இண்டிகேட்டருக்குப் பச்சை. ஆர்.வி. மரபில் டெயிலுக்குப் பச்சை, வலதுக்குப் பழுப்பு. நேர் எதிர்.

புது வண்டி வாங்கினால் இந்தத் தொல்லை இல்லைதானே?

அமெரிக்காவில் ஆர்.வி.க்களுக்கு என்.எஃப்.பி.ஏ. (தேசியத் தீப் பாதுகாப்புச் சங்கம்) வகுத்த 1192 தரவிதி இருக்கிறது, தேசிய மின்சாரக் கோட்பாட்டில் 551-ஆவது பிரிவு முழுக்க இவற்றுக்குத்தான். விதி இருப்பது வேறு, அசெம்பிளி லைனில் அவசரமாக அமுக்கிய ஒரு க்ரிம்ப் வேறு. இப்போதைய வண்டிகளில் எல்.இ.டி. வந்துவிட்டதால் விளக்குப் பக்கம் ஆபத்து வெகுவாகக் குறைந்திருக்கிறது. உத்தரவாதக் காலம் முடியும் முன் எல்லா விளக்குகளையும் ஒருமுறை போட்டு வோல்ட் அளந்துவிடுங்கள்.

ஷோர் பவர் பிளக்கின் ஒரு கால் கருகியிருக்கிறது. இதுவும் அதே கதையா?

காரணம் அதே, அபாயம் பெரியது. 30 ஆம்பியர் பிளக்கின் வழியாக ஏ.சி.யும் ஹீட்டரும் மணிக்கணக்கில் இழுக்கும்போது தளர்ந்த ஒரு கவ்வல் போதும். கேம்ப்கிரவுண்ட் கம்பத்து சாக்கெட் ஆயிரம் பேர் செருகி உருவியது. கருகிய பிளக்கைத் தேய்த்துத் திரும்பச் செருகினால் அடுத்த சாக்கெட்டையும் கெடுக்கும். வெட்டிவிட்டுப் புதுசு போடுங்கள். 120 வோல்ட் வேலையில் பழக்கம் இல்லாவிட்டால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இந்த 30 ஆம்பியர் சாக்கெட் 120 வோல்ட்டுக்கானது. வீட்டில் வைக்கச் சொன்னால், 240 என்று நினைத்து ஒயர் கொடுத்து வண்டியின் சாமான்களை எரித்தவர்கள் உண்டு. வருகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

டிம்மர் சுவிட்ச் சூடாக இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

இழை பல்புகளோடு வெதுவெதுப்பு இயல்பு. எல்.இ.டி. போட்ட பிறகும் சூடு என்றால் அதன் பின்னால் இருக்கும் டெர்மினல்களை இறுக்கிப் பாருங்கள். அப்போதும் குறையாவிட்டால் எல்.இ.டி.க்கு ஏற்ற 12 வோல்ட் டிம்மர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். வீட்டு 120 வோல்ட் டிம்மர் இதற்கு உதவாது.